ஜாலரா இரண்டு ஜோடி

மயிலாடுதுறை
தை 9

அன்பு மகள் பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பெரியப்பாவும் நலம். முழங்கால் மட்டும் மார்கழிப் பனிக்கு முரண்டு பிடித்தது. தை பிறந்ததும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. நீ அனுப்பிய குரல் பதிவு பதினோரு நிமிஷம். முதல்தரம் தோசைக்கல் முன்னால் நின்றபடி கேட்டதில் பாதி காதில் ஏறவில்லை. மத்தியானம் ஊஞ்சலில் உட்கார்ந்து மறுபடி முழுசாகக் கேட்டேன். போனில் பதில் சொன்னால் நடுவிலேயே ‘சரி பெரியம்மா, சரி பெரியம்மா’ என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குச் செய்வாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார்.

நீ சொன்னதில் நான் புரிந்துகொண்டது இவ்வளவு. பயலுக்கு நாலரை வயசு. பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்தால் இவன் மட்டும் சுவரோரம் போய் நிற்கிறான். பொம்மையைக் கேட்டால் கொடுத்துவிடுகிறான், ஆனால் கூடச் சேர்ந்து விளையாடுவதில்லை. வெளியே விட்டுப் பழக்கலாம் என்றால் கால்கரியில் மைனஸ் இருபது. பாட்டு வகுப்பில் போட்டால் நாலு பேரோடு சேரும் குணம் வரும் என்று அவன் டீச்சர் சொல்லியிருக்கிறார். நீயும் தேடி, வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம், பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் என்று ஓர் ஆன்லைன் வகுப்பைப் பார்த்து வைத்திருக்கிறாய். கடைசியில், ‘இல்லாட்டி நீங்களே எடுங்களேன் பெரியம்மா’ என்று ஒரு கொக்கி.

எடுக்கிறேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. பாட்டு திரை வழியாக வரும், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நீ கேட்பது பாட்டை இல்லையே. பிள்ளை நாலு பேரோடு ஒட்ட வேண்டும் என்கிறாய். அது திரை வழியாக வருவது கஷ்டம். பட்டுத் தெரிந்துகொண்டது இது. அந்தக் கதையை உன் அம்மாவிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை.

2020 ஆடியில் நான் ஆன்லைனில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது உனக்குத் தெரியும். உன் அண்ணன் லேப்டாப்பை அரிசி டின்மேல் ஏற்றி வைத்து, ‘அம்மா, உன் பொட்டு மட்டும்தான் தெரியுது, தள்ளி உட்காரு’ என்று பழக்கினான். சனி ஞாயிறு வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். அதில் வளைகுடாவிலிருந்து ஒரு பையன், ஐந்து வயசு. தங்கமான காது. மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாவுகிற இடத்தில் பெரிய பிள்ளைகளே வழுக்குவார்கள். இவனுக்கு இரண்டாவது வாரமே அது உட்கார்ந்துவிட்டது. சரளி, ஜண்டை, அலங்காரம் எல்லாம் முடித்து ஒன்றரை வருஷத்தில் பிள்ளாரி கீதம் வரை வந்துவிட்டான். அவன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

2022 கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் அவனை நேரில் கூட்டிவந்தார்கள். நம் கூடத்தில் பாய் விரித்து உள்ளூர்ப் பிள்ளைகள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் கச்சேரித் தெரு, பட்டமங்கலத் தெருப் பிள்ளைகள். அவனை நடுவில் உட்கார வைத்தேன். தனியாகப் பாடு என்றேன். கணீரென்று பாடினான். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சரி, எல்லாரும் சேர்ந்து முதல் வரிசை என்று தொடையில் தட்டினேன். ‘ச’ என்று எடுத்தான். பக்கத்துப் பெண்ணின் குரல் காதில் விழுந்ததும் நிறுத்திவிட்டான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடி எடுத்தோம், மறுபடி நின்றுவிட்டான். மூன்றாம் தடவை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சொன்னான்: “டீச்சர், இவங்களை மியூட் பண்ணுங்க.”

கூடமே சிரித்தது. அவன் அம்மா சிரித்தார். பெரியப்பா திண்ணையிலிருந்து சிரித்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அவன் ஒன்றும் வேடிக்கை பண்ணவில்லை. ஒன்றரை வருஷமாக நான் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது. ‘எல்லாரும் மியூட்ல போங்க’ என்றுதான் ஒவ்வொரு வகுப்பையும் தொடங்கியிருக்கிறேன். இன்னொருத்தர் குரல் வந்தால் பாட்டு நிற்க வேண்டும், அது ஒரு கோளாறு, டீச்சர் அதைச் சரிசெய்வார். இதுதான் அந்தப் பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு. பக்கத்துப் பெண் அவன் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தலையில் மல்லிகை. அந்த இடிபாடும் வாசமும் குரலும் எல்லாம் சேர்ந்து அவனுக்குத் தாங்கவில்லை. அடுத்த நாள் அவன் வரவில்லை, காய்ச்சல் என்றார்கள்.

ஏன் மியூட் போட்டேன் என்று கேட்பாய். வேறு வழியில்லை. சேர்ந்து பாட வைத்துப் பார்த்தேன், சந்தைக்கடை ஆகிவிட்டது. உன் அண்ணன் கணக்குப் போட்டு விளக்கினான். காற்றில் ஒலி விநாடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகிறது. பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் குரல் நம்மிடம் வந்துசேர சுமார் 30 மில்லி விநாடி. தாமதம் அதைத் தாண்டினால் சேர்ந்து வாசிக்கிறவர்களுக்குக் காலப்பிரமாணம் இழுக்க ஆரம்பித்துவிடும். நம்மூருக்கும் கால்கரிக்கும் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. நேராக ஓடினாலே ஒரு வழிக்கு 60 மில்லி விநாடி ஆகிவிடும். கேபிள் எங்கே நேராகப் போகிறது? இதில் கணினி குரலை நறுக்கி மூட்டை கட்டி, அந்தப் பக்கம் அவிழ்க்கிற நேரம் வேறு. நான் ‘ச’ கொடுத்து, அவன் கேட்டுப் பாடி, அது என் காதுக்குத் திரும்புவதற்குள் என் சுண்டுவிரல் முடிந்து மோதிரவிரல் வந்திருக்கும். தேரோட்டத்தில் நாயனம் தெற்கு வீதியிலும் தவில் வடக்கு வீதியிலும் நின்று வாசிக்கிற கதைதான். எந்தக் கம்பெனிக்காரனையும் திட்டிப் பிரயோஜனமில்லை.

தம்பூரா கதை இதைவிட மோசம். ஒரே மாதிரி இழைகிற சத்தத்தை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து வகுப்பு எடுக்கிற மென்பொருள் அமுக்கிவிடுகிறது. நான் இங்கே சுருதி போட்டுக்கொண்டு ஆனந்தமாக உட்கார்ந்திருப்பேன். அங்கே அது கிணற்றில் விழுந்த சொம்பு மாதிரி மேலே வரும், மூழ்கும். ஆறு மாசம் கழித்து ஒரு தாய் சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்புறம்தான் ‘ஒரிஜினல் சவுண்டு’ என்ற ஒன்றைத் தட்டிவிடக் கற்றுக்கொண்டேன். சுருதிப்பெட்டி பிள்ளை வீட்டிலும் ஓட வேண்டும் என்று சட்டமும் போட்டேன்.

இப்போது என் பக்கத்திலிருந்து பார். ஒன்பது கட்டம், ஒன்பது வாய். மீன் தொட்டியில் மீன் வாய் திறந்து மூடுமே, அப்படி. யார் சரியாகப் பாடுகிறார், யார் சும்மா வாயசைக்கிறார் என்று தெரியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் என் குரல் மட்டும் கேட்கும். பக்கத்துக் கட்டத்தில் இருப்பவன் தப்புப் பாடினால் இவனுக்குத் தெரியாது, நன்றாகப் பாடினாலும் தெரியாது. வெளியே இருந்து பார்க்கிற பெற்றோருக்கு அது ஒரு கும்பல் மாதிரித் தெரியும். ஆனால் உள்ளே ஒன்பது தனி அறை, ஒன்பதிலும் நான் ஒருத்தி. உன் ‘பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில்’ என்ற விளம்பரத்தைக் கேட்டதும் எனக்கு அந்த மீன் தொட்டிதான் ஞாபகம் வந்தது.

சேர்ந்து பாடினால் பிள்ளைகள் ஒட்டுவார்கள் என்று உன் டீச்சரம்மா சொன்னது தப்பில்லை. இந்தப் பையன் விஷயத்துக்கு அப்புறம் நான் புலம்பியதைக் கேட்டு உன் அண்ணன் நாலைந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்துச் சொன்னான். அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கிர்ஷ்னர், டோமசெல்லோ என்று இரண்டு பேர் செய்தது, 2010-ல் வெளிவந்தது. உன் பயல் வயசுப் பிள்ளைகள் 96 பேரை இரண்டிரண்டு பேராக விளையாட விட்டிருக்கிறார்கள். ஒரு குளம் மாதிரி விரித்து, தூங்குகிற தவளைகளை எழுப்புவதுதான் விளையாட்டு. பாதிப் பேர் பாடிக்கொண்டு, மரத்தவளையைக் குச்சியால் தாளத்தோடு உரசி எழுப்பினார்கள். மீதிப் பேருக்கும் அதே கதை, அதே தவளை. பாட்டும் தாளமும் மட்டும் இல்லை. முடிந்த கையோடு வேறொரு விளையாட்டு கொடுத்து, அதில் ஒரு பிள்ளையின் குழாயிலிருந்து கோலிக்குண்டெல்லாம் சிதறும்படி செய்திருக்கிறார்கள். தன் விளையாட்டை விட்டுவிட்டு மற்றவன் உதவிக்கு வருகிறானா என்று பார்க்க. சேர்ந்து பாடிய பிள்ளைகள்தான் அதிகம் வந்தார்களாம்.

சிதறின குண்டைப் பொறுக்கித் தர ஓடிவருகிற பிள்ளையைத்தானே நீ கேட்கிறாய்? ஆனால் ஒன்று. அது அப்போதே சோதித்துப் பார்த்த பலன். ஒருநாள் தவளை விளையாடினால் ஆயுசுக்கும் குணம் மாறிவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். அதே இரண்டு பேர் முந்தின வருஷம் இன்னொன்று செய்திருக்கிறார்கள். இரண்டரை வயசிலிருந்து நாலரை வயசு வரையுள்ள பிள்ளைகளைக் கொட்டு அடிக்கச் சொல்லி, கூட அடிப்பது ஒருதரம் மனுஷர், ஒருதரம் இயந்திரம், ஒருதரம் வெறும் ஒலிபெருக்கி. எதிரே மனுஷர் உட்கார்ந்து அடிக்கும்போதுதான் பிள்ளைகள் தாளத்தை நன்றாகப் பிடித்தார்கள். இரண்டரை வயசு வாண்டுகூட அப்போது தன் வேகத்தை மாற்றிப் பார்த்திருக்கிறது.

இதைப் படித்துக் காட்டினபோது பெரியப்பா, “இதைக் கண்டுபிடிக்க ஜெர்மனிக்குப் போகணுமா, உங்க அப்பாவைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே” என்றார். வாஸ்தவம்தான். உன் தாத்தா மேளத்தில் சின்னப் பயல்களை எப்படிச் சேர்த்தார் என்று நீ பார்த்ததில்லை, நீ பிறக்கும்போது அவர் தவிலை இறக்கிவிட்டார். ஏழெட்டு வயசுப் பையன் வந்தால் கையில் தவில் கொடுக்கவே மாட்டார். முதலில் தாளம். அந்தக் கனத்த வெண்கலத் தாளத்தைக் கையில் கொடுத்து, தனக்கும் நாயனக்காரருக்கும் நடுவில் நிற்க வைப்பார். “கையைப் பார்க்காதே, மூஞ்சியைப் பார்” என்பார். பையன் நாயனக்காரர் கன்னம் எப்போது உப்புகிறது, தவில்காரர் புருவம் எப்போது ஏறுகிறது என்று பார்த்தே நிற்பான். புறப்பாட்டில் நாலு வீதியும் நடந்து, கால் கடுத்து, தூங்கி விழுந்து, தாத்தா குச்சியால் முதுகில் ஒரு தட்டு தட்டி, மறுபடி தாளத்தைப் பிடிப்பான். நடுராத்திரி கோயில் மடப்பள்ளிப் புளியோதரையை மேளக்காரர் எல்லாரும் ஒரே இலையைச் சுற்றி உட்கார்ந்து தின்பார்கள், அவனும் தின்பான். சில பையன்கள் ஒத்து ஊதுவார்கள். நாயனத்துக்குப் பின்னால் ஒரே சுருதியை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய வேலை. இப்போது ‘ஒத்து ஊதுறவன்’ என்றால் ஜால்ரா என்று கேலியாகிவிட்டது. நம் வீட்டில் அது வசவு இல்லை. இன்னொருத்தர் வாசிப்புக்குத் தரையாக இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று ஒத்து பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

அந்தப் பழைய முறையில் அடி இருந்தது, ஏச்சு இருந்தது, பெண் பிள்ளைகளுக்கு இடமே இருக்கவில்லை. எனக்கே தாளத்தைக் கையில் தொட விட்டதில்லை. நான் வாய்ப்பாட்டுப் பக்கம் போனதே அதனால்தான். ஆகவே அந்தக் காலம் மாதிரி வருமா என்று நான் அழப்போவதில்லை. ஆனால் ‘மூஞ்சியைப் பார்’ என்று சொன்னாரே, அதை மட்டும் எடுத்து வைத்துக்கொள். திரையில் மூஞ்சி தெரிகிறதே என்பாய். தெரிகிறது. ஆனால் பிள்ளை என் கண்ணைப் பார்த்தால் என் திரையில் அவன் குனிந்திருப்பான். நான் கேமராவைப் பார்த்தால்தான் அவனுக்கு நான் அவனைப் பார்ப்பதாகத் தெரியும், அப்போது அவன் முகம் எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளவே முடியாத ஒரு வகுப்பு அது.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை யோசித்தால் இன்னொன்று தோன்றுகிறது. தாலாட்டுக் கேட்கிற பருவம், அப்புறம் சப்பாணி கொட்டுகிற பருவம், அப்புறம் தளர்நடையாக வா வா என்று கூப்பிட வருகிற பருவம், அப்புறம் நிலாவையே விளையாடக் கூப்பிடுகிற அம்புலி. ஆண்பிள்ளைக்கு அதற்கும் அப்புறம்தான் சிறுபறை. எல்லாமே ஒருத்தர் எதிரே இருந்தால்தான் நடக்கும். அம்புலிக்குக்கூட ஆள் தேவை, இடுப்பில் தூக்கி வைத்துக் காட்ட.

உன் கதையையும் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. நீ ஒன்றாம் வகுப்பு முடித்த கோடையில் உன் அம்மா உன்னை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். இருபது நாள் நீ வாயைத் திறக்கவில்லை. கூடத்துத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து என் நல்ல பத்தமடைப் பாயின் ஓரத்தைக் கோரை கோரையாகப் பிய்த்தாய். அந்தப் பாய் இன்னும் இருக்கிறது, அந்த மூலை உன் புண்ணியத்தில் மொட்டை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, என்னைப் பார்த்துக்கொண்டே, பாய்க்கு அடியில் ஓர் எலந்தவடையை உன் பக்கம் தள்ளினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். நீ அதைத் தின்றாய். மறுநாள் தூணைவிட்டு ஒரு முழம் நகர்ந்தாய். நாலாம் நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தொடையில் போட்ட தாளத்தைப் பார்த்து உன் தொடையில் போட்டாய். அவள் தப்பாகப் போட்டாள், நீயும் அதே தப்பு. பாட்டு வாயிலிருந்து வர இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. உன்னைப் பாட வைத்தது நான்தான் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் சுவரோரம் நிற்கிற பிள்ளையைப் பார்த்து ரொம்பக் கலங்காதே. புது ஊர், புது பாஷை, பாட்டி தாத்தா பக்கத்தில் இல்லை, ஆறு மாசம் பனி. நாலரை வயசில் சிலர் பார்த்துப் பார்த்துத்தான் இறங்குவார்கள். நீ அப்படித்தான் இறங்கினாய். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, உன் முகத்தையே பார்க்காமல் இருப்பது, வந்த பேச்சு நின்றுபோவது மாதிரி ஏதாவது இருந்தால் மட்டும் தள்ளிப் போடாதே. அதைக் குழந்தை டாக்டரிடம் கேட்க வேண்டும், பாட்டு டீச்சரிடம் இல்லை.

ஆன்லைன் வகுப்பையே வேண்டாம் என்கிறாளோ கிழவி என்று நினைக்காதே. அதில்தான் நான் இரண்டு வருஷம் சோறு தின்றேன். நல்லதும் பார்த்திருக்கிறேன். ஒரு பெண், ஏழு வயசு, பள்ளியில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதாம். அவள் வீட்டில், அவள் கட்டிலில், மடியில் ஒரு துணி நாயை வைத்துக்கொண்டு என்னோடு பாடினாள். நேரில் என்றால் என் வாசற்படி ஏறியிருக்கமாட்டாள். முதல் மாசம் நாயைத்தான் திரையில் காட்டுவாள், நான் நாய்க்குச் சொல்லிக்கொடுப்பேன். பாட்டு வாத்தியார் பக்கத்தில் இல்லாத ஊர்களில் எத்தனை பிள்ளைகள்! அவர்களுக்கு இது இல்லையென்றால் ஒன்றுமே இல்லை.

அண்ணன் சொன்ன இன்னொரு ஆராய்ச்சி, அமெரிக்காவில் 2014-ல் வந்தது. இரண்டு, இரண்டரை வயசுப் பிள்ளைகளுக்குப் புது வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நேரில் கற்றவர்களும் வீடியோ அழைப்பில் கற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பதிவு செய்த வீடியோவைப் பார்த்தவர்களுக்கு ஏறவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர் தனக்குப் பதில் தருகிறாரா என்பதைத்தான் பிள்ளை பார்க்கிறது. ஆகவே யாராவது ‘நூறு வீடியோப் பாடம், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்’ என்று விற்க வந்தால் ஓடிவிடு. திரைக்கு நேரக் கணக்கும் உண்டு. ஐந்து வயசு நிரம்பாத பிள்ளைகளுக்குச் சும்மா உட்கார்ந்து பார்க்கிற திரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2019-ல் சொல்லியிருக்கிறது. உன் பயல் இன்னும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறான். முக்கால் மணி வகுப்பும் அதுக்கு மேல் கார்ட்டூனும் என்றால் நீயே கூட்டிக்கொள்.

சரி, எப்படி எடுக்கப்போகிறேன் என்று கேள். வாரம் ஒருநாள், இருபது நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. திரையில் நான் இருப்பேன், ஆனால் நான் அவனுக்குப் பாட்டுக் கூட்டாளி இல்லை. கூட்டாளி நீ. தரையில் அவன் பக்கத்தில், முழங்கால் முழங்காலை இடிக்கிற மாதிரி உட்கார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம். நான் ஒரு வரி சொல்லுவேன், அப்புறம் என் பக்கத்தை நானே மியூட் போட்டுக்கொள்வேன். நீயும் அவனும் சேர்ந்து பாட வேண்டும், ஒரே அறையில், ஒரே காற்றில். உன் கையை எடுத்து அவன் தொடையில் தாளம் போடு, அவன் கையை உன் தொடையில் போடச் சொல். நீ தப்புப் பாடினால் நல்லது, வேண்டுமென்றேகூட இரண்டு தப்பு பண்ணு. அவன் உன்னைத் திருத்தட்டும். ஸ்வரம் எல்லாம் இப்போது வேண்டாம். கைதட்டு, நிலாப் பாட்டு, குடம் தண்ணீர் ஊற்றிப் பூப்பூக்க வைக்கிற ஆட்டம் இவைதான் முதல் ஆறு மாசத்துக்கு. சரளிக்கு என்ன அவசரம்? புரந்தரதாசர் எங்கும் ஓடிவிடமாட்டார்.

இன்னொன்றும் நீ செய்தாக வேண்டும், நீ இதில் சாக்குச் சொல்லுவாய் என்று தெரியும். பக்கத்து வீட்டில் ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம், அவன் வயசுப் பிள்ளை உண்டு என்றாயே. அந்தப் பிள்ளையை வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடு. தமிழ் தெரியவில்லையென்றால் போகட்டும், கைதட்ட பாஷை எதற்கு? அவர்கள் வீட்டுக் குழந்தைப் பாட்டு ஒன்றை அந்தப் பிள்ளை சொல்லிக்கொடுக்கட்டும், நானும் கற்றுக்கொள்கிறேன். உன் ஊர் நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பாட்டுப் பாடுகிற நேரம் இருக்கும், காசு கிடையாது, விசாரி. அங்கே அவன் சுவரோரம் நின்றால் நீயும் சுவரோரம் நில். முன்னால் தள்ளாதே.

இந்த மார்கழியில் நம் தெரு பஜனையில் ஒன்றைப் பார்த்தேன். காலை ஐந்து மணி, பனி. அப்பாவின் சால்வைக்குள்ளிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு பொடியன், மூன்று வயசுகூட இருக்காது. கையில் ஜாலரா, தாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை. முன்னால் பாடிக்கொண்டு போன பெரியவர் திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே நடந்தார். அவர் நடை போகிற போக்கில் அவன் கை ஆடிற்று. சந்நிதித் தெரு திரும்புவதற்குள் இரண்டு மூன்று தட்டு சரியாக விழுந்தது, அப்புறம் மறுபடி கெட்டது. வெண்பொங்கல் வந்ததும் ஜாலராவையே கீழே போட்டுவிட்டான். எனக்கு அந்த வளைகுடாப் பையன் ஞாபகம் வந்தது. அவன் முழங்கையை நான் ஒருதரமும் பிடித்ததில்லை.

வகுப்பு எனக்குச் சனிக்கிழமை காலை ஏழரை, உங்களுக்கு வெள்ளி இரவு ஏழு. அவனுக்குச் சாப்பாடு முடிந்திருக்கட்டும், பசியில் பாட்டு வராது. மார்ச்சில் உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்களே, அப்போது நான் ஆறரைக்கு வந்துவிடுகிறேன், காப்பி குடித்துக்கொண்டே எடுப்பேன், கோவிக்காதே. காசு கீசு என்று மாப்பிள்ளை ஏதாவது பேசினால் நான் பேசவே மாட்டேன் என்று சொல்லிவிடு.

நேற்று ஒரு பார்சல் போட்டிருக்கிறேன். கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் வாங்கியது, வெண்கல ஜாலரா, சின்னது, இரண்டு ஜோடி. தபாலாபீஸில் இது என்ன, எதற்கு, யாருக்கு என்று அரைமணி நேரம் எழுதி வாங்கினார்கள். ஒரு ஜோடி அவனுக்கு, இன்னொன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. உனக்கு இல்லை, நீ கையைத் தட்டு. கூடவே எலந்தவடை ஒரு பொட்டலம் வைத்தேன். கஸ்டம்ஸில் எடுத்துக்கொள்ளாவிட்டால் அதுவும் வரும். ஜாலராக் கயிறு பெரியவர்கள் கைக்குத் தகுந்த நீளம். இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடு, இல்லாவிட்டால் முகத்தில் அடித்துக்கொள்வான்.

உன் பெரியம்மா